மாரியில் ஏற்றும் விளக்கு

மேலைநாட்டார் குளிர்காலம் என்றதும் வெண்பனியை நினைப்பர். மரங்கள் இலையுதிர்த்து நிற்க, நீர்நிலைகள் உறைய, மக்கள் நெருப்பருகே ஒடுங்கியிருக்கும் காலம் அது. ஈழத்தமிழராகிய எமக்கு அத்தகைய குளிர்காலம் இல்லை. எமக்குள்ளது மாரி. மழைக்கும் பெயர் மாரி. மழை பொழியும் காலத்துக்கும் பெயர் மாரி. ஊர்காக்கும் தாய்த்தெய்வத்தையும் அப்பெயராலேயே அழைக்கின்றோம். பொருளும் காலமும் தெய்வமும் ஒரு சொல்லுள் அடங்கிவிட்டன. இதனை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிடுதல் கூடாது. தம்மை வாழ்விப்பதும் தம்மை வருத்துவதும் ஒன்றே என்று கண்டுகொண்ட ஒரு மக்கட் கூட்டத்தின் அநுபவம் இச்சொல்லிற் பொதிந்து கிடக்கின்றது.

இந்த அநுபவத்தை வன்னிப் பெருநிலத்தார் அறிந்த அளவுக்குப் பிறர் அறிவது அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களும் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு வேண்டிய நீரையும் அம்மூன்று மாதங்களே தருதல் வேண்டும். ஆதலினாலன்றோ எம் முன்னோர் ஊர்தோறும் குளங்கட்டினர். ஊருக்குப் பெயரிடும்போதும் குளத்தையே முன்வைத்தனர்! வவுனிக்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், செட்டிகுளம் என்று வழிநெடுகிலும் குளங்களே பெயர்களாய் நிற்கின்றன. இரணைமடு என்பதும் அத்தகையதே. இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. நீரைச் சொல்லாமல் வன்னியில் ஊரைச் சொல்ல முடியாது.

புரட்டாசியிலும் ஐப்பசியிலும் காலபோக நெல்லை விதைத்துவிட்டுக் கமக்காரன் வானத்தைப் பார்க்கின்றான். மழை பிந்தினால் முளை கருகும். மிஞ்சினால் பயிர் அழுகும். வங்கக் கடலில் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் தோன்றும் தாழமுக்கம் எத்திசை நோக்கி நகரும் என்பதிலேயே அவனுடைய ஓராண்டு வாழ்வு தங்கியிருக்கின்றது.

மாரி எழுதிய வரலாறு

மாரிகாலத்தில் வன்னி பட்ட துயரங்களை விரிப்பின் பெருகும். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆம் நாள் வவுனியாவை ஊடறுத்துச் சென்ற சூறாவளி, பாக்கு நீரிணையைக் கடந்து அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையிற் பெயர்ந்தனர். அவர்களுட் பல்லாயிரவர் பின்னர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலை, மழையின்றி, காற்றின்றி, கடலே எழுந்துவந்து முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2008 நவம்பரில் 'நிசா' என்னும் சூறாவளி வந்தபோது, போரினால் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் வாழ்ந்த மக்களுக்குத் தலைக்கு மேலே குண்டு, காலுக்குக் கீழே வெள்ளம். 2018 டிசெம்பரில், புனரமைக்கப்பட்டு அம்மாதமே திறந்துவைக்கப்பெற்ற இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் யாவும் திறக்கப்பட்டன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. 2020 டிசெம்பரிற் 'புரெவி' வந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' இலங்கை முழுவதிலும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலையகமே பெரிதும் சிதைந்ததாயினும், வன்னியின் வயல்களும் வீதிகளும் பாலங்களும் தப்பினவல்ல.

இத்தகைய காலங்களில் மனிதன் எதனைப் பற்றிக்கொண்டு நிற்பது? இதுவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

இவ்வினாவுக்கு விடைகூற இரு சாரார் விரைந்து முன்வருகின்றனர். ஒரு சாரார், இவை யாவும் எமது தீவினையின் பயன். நாட்டிற் பாவம் மிகுந்துவிட்டது. தெய்வம் தண்டிக்கின்றது என்பர். மற்றொரு சாரார், தெய்வமாவது நம்பிக்கையாவது. காற்றமுக்கம் குறைந்தது, மழை பெய்தது, வெள்ளம் வந்தது, அவ்வளவுதான் என்பர். முன்னவர் துன்பப்பட்டவன்மேற் பழியையும் சுமத்துகின்றனர். பின்னவர் மழைக்குக் காரணம் கூறுகின்றனர்; நனைந்து நிற்பவனுக்கு ஒன்றும் கூறுகின்றாரில்லை. இருவர்க்கும் அப்பால் மூன்றாவதொரு நெறி உண்டு. அது எமது இலக்கியத்திலும் வழக்கத்திலும் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. அந்நெறியை இளந்தலைமுறைக்கு எடுத்துக்காட்டுதல் தமிழாசிரியர் கடன் என்பது எமது கருத்து.

இருத்தல் என்னும் ஒழுக்கம்

முல்லைத்தீவு என்னும் பெயரில் முல்லை இருக்கின்றது. காடும் காடுசார்ந்த நிலமும் முல்லை என்பது மாணவர் அறிந்த இலக்கணம். அவ்விலக்கணப்படி வன்னி முழுவதும் முல்லையே. முல்லைக்குரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். மழையும் இருளும் சூழும் நேரத்தை ஒரு நிலத்துக்கு உரிமையாக்கி, அந்நேரத்துக்குரிய ஒழுக்கம் இருத்தலே என்று வகுத்த புலவர்தம் நுண்மாண் நுழைபுலம் வியக்கத்தக்கது.

ஈண்டு ஒரு நயம் காண்க. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் என்பர் உரையாசிரியர். எமது வன்னியிலோ ஆவணியிற் கச்சான் காற்று மண்ணைப் புழுதியாக்கிக்கொண்டு வீசும். மழை ஐப்பசியிலேதான் இறங்கும். நூல்வழிக் கார் முடிந்த பின்னரே எமக்கு மெய்யான கார் வருகின்றது. காத்திருத்தலை ஒழுக்கமாகக் கொண்ட நிலத்தவருள்ளும், வன்னியார் இன்னும் இரண்டு திங்கள் மிகுதியாகக் காத்திருப்பவர் என்று கூறலாம் போலும்!

இருத்தல் என்பது யாது? கையைக் கட்டிக்கொண்டு வாளா இருத்தலன்று. பிரிந்தவன் வருவான் என்னும் உறுதியோடு, இல்லறத்தின் கடமைகளைச் செய்துகொண்டு, நெஞ்சை ஆற்றிக்கொண்டிருத்தல். இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது, பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய, 103 அடிகளையே கொண்ட முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது.

மழை பெய்த மாலை. தலைவன் போர்ப்பாசறையில், தலைவி மனையில். முதுபெண்டிர் நாழியில் நெல்லும் முல்லைமலரும் கொண்டு ஊர்ப்புறத்தே சென்று நற்சொற் கேட்டு நிற்கின்றனர். யாரேனும் தற்செயலாகப் பேசும் சொல் நன்றாயின் காரியம் நன்றாகும் என்பது அக்கால நம்பிக்கை. அவர்கள் செவியில் விழுந்த சொல் யாருடையது? அரசனுடையதன்று, அந்தணனுடையதன்று, புலவனுடையதுமன்று. குளிரால் நடுங்கி, கைகளைத் தோளிற் கட்டிக்கொண்டு நின்ற ஓர் ஆயர்மகளுடையது. அவள் தாய்ப்பசுவைக் காணாது சுழலும் கன்றுக்கு, உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று ஆறுதல் கூறிக்கொண்டிருந்தாள். முதுபெண்டிர் அதனையே நன்னிமித்தமாகக் கொண்டு தலைவியிடம் ஓடினர்.

இக்காட்சியில் மூன்று உண்மைகள் உள. முதலாவது, ஆறுதல் கூறியவள் தானும் குளிரில் நடுங்கியவளே. வெப்பமான அறையில் இருந்துகொண்டு நனைந்தவனுக்கு நம்பிக்கை ஊட்ட முடியாது. உடன் நனைந்தவனுக்கே அவ்வுரிமை உண்டு. இரண்டாவது, அவள் மழை விட்டுவிடும் என்று கூறவில்லை. தாய் வருவாள் என்றே கூறினாள். வானிலை கூறுவது வேறு. நம்பிக்கை கூறுவது வேறு. மழை எப்போது விடும் என்பதை அவளும் அறியாள். ஆயினும் கன்றைத் தேடித் தாய் வரும் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. நம்பிக்கை காற்றின்மேல் வைப்பதன்று, அன்பின்மேல் வைப்பது. மூன்றாவது, நற்சொற் கேட்ட தலைவியின் துயர் உடனே தீர்ந்துவிடவில்லை. அவள் கண்ணீர் உகுத்தாள், நெஞ்சைத் தேற்றினாள், மீண்டும் கலங்கினாள். புலவர் அவளைக் கடிந்தாரல்லர். அழுதுகொண்டே நம்பலாம், நம்பிக்கொண்டே அழலாம். அழாதவனே நம்பிக்கையுடையவன் என்பது புத்தகத்தின் வெளியே பிறந்த புதுக்கொள்கை.

மழை மிகுந்த மாதத்து விளக்கு

இலக்கியத்திற் கண்ட இந்நெறியை எம்மவர் வழக்கமாகவும் ஆக்கிக்கொண்டனர். விளக்கேற்றுதற்கு ஏற்ற மாதம் எது என்று கேட்டால், காற்றும் மழையுமற்ற சித்திரையையன்றோ அறிவுடையோர் கூறுவர்? எம் முன்னோரோ கார்த்திகையைத் தேர்ந்தனர். கார்த்திகை விளக்கு விழா சங்கச் செய்யுள்களிலேயே பேசப்படும் பழமையுடையது. இன்றும் விளக்கீட்டன்று படலையருகே வாழைக்குற்றி நாட்டி, அதன்மேல் விளக்கு வைக்கின்றோம். முற்றமெங்கும் சிட்டி விளக்கு நிரை. கோயில் முன்றிலிற் சொக்கப்பனை. வாடை வந்து ஒரு பக்கத்து விளக்கை அணைக்கும். சிறுவர் ஓடிச்சென்று ஏற்றுவர். அதற்குள் மற்றப் பக்கம் அணையும், அங்கே ஓடுவர். அணையாத விளக்கைப் போற்றுதல் எளிது. அணைய அணைய ஏற்றுதலே விளக்கீட்டின் உட்பொருள் என யான் கருதுகின்றேன். குழந்தைகள் அதனை விளையாட்டாகவே கற்றுக்கொள்கின்றனர்.

கார்த்திகைப் பூரணையின் மறுநாள் தொடங்குவது பிள்ளையார் பெருங்கதை விரதம். இருபத்தொரு நாள்; இருபத்தோரிழை நூற்காப்பு. மாரி உச்சங்கொண்ட அந்நாள்களில், குடை பிடித்தும் சாக்கைத் தலையிற் கொங்காணியாக இட்டும் ஊரார் பிள்ளையார் கோயிலிற் கூடுவர். ஒருவர் கதையைப் படிப்பார், மற்றையோர் கேட்பர். பள்ளிக்கூடங்கள் அருகியிருந்த காலத்தில், எழுத்தறியாத தாயும் இருபத்தொரு நாளும் செந்தமிழ் கேட்ட கல்லூரி அதுவே. அது முடியும் வேளையில் மார்கழித் திருவெம்பாவை தொடங்கிவிடும். சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, பனியிலும் தூறலிலும் ஒரு கூட்டம் ஊரைத் துயிலெழுப்பிக்கொண்டு வரும். உறங்குகின்ற ஒருத்தியை வெளியில் நிற்பவர் அழைப்பதே திருவெம்பாவையின் அமைப்பு. தனியே வழிபடுதல் போதாது. அயல்வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு போதல் வேண்டும். புயற்காலத்துக்கு இதனினும் ஏற்ற பாடம் யாது?

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அது வைகாசித் திருவிழாவிற்குரியது, மாரிக்குரியதன்று. ஆயினும் அதன் கருத்து எக்காலத்துக்கும் உரியது. எண்ணெய் இல்லையே என்று ஆயச் சிறுவர் கலங்க, கடல்நீரை வார்த்து ஏற்றுக என்று அன்னை பணித்தாள் என்பது ஐதிகம். அக்கோயில் நந்திக்கடலின் கரையில் உள்ளது. 2009 இல் அக்கரையில் நிகழ்ந்தவற்றை அறிந்தவர்க்கு, உப்புநீர் என்பது கடலை மாத்திரம் குறிப்பதன்று. கண்ணீரும் உப்புநீரே. அதனைக்கொண்டும் விளக்கேற்றலாம் என்று நம்பியவர்களே அம்மண்ணுக்கு மீண்டு வந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மறுபடியும் நெல் விதைத்தனர்.

குளக்கட்டுப் பிள்ளையார்

இனி, நம்பிக்கைக்குக் கையும் காலும் வேண்டும் என்பதை எண்ணுதல் வேண்டும். வன்னியிற் குளத்தின் கட்டிலே பிள்ளையாரை இருத்துவது வழக்கம். இதன் காரணத்தை யான் பலகாற் சிந்தித்ததுண்டு. நாள்தோறும் பிள்ளையாருக்குப் பூவும் நீரும் கொண்டு செல்பவன் குளக்கட்டின்மேல் நடந்தே செல்லுதல் வேண்டும். நடப்பவன் கண்ணிற் கட்டிலுள்ள பொத்தும் வெடிப்பும் படாமற் போகா; துருசின் வாயிற் கசிவு இருந்தால் அதுவும் தெரியும். வழிபாடும் காவலும் ஒருங்கே நிகழ்ந்தன. தெய்வத்தை ஊர்நடுவில் வைக்காது, ஆபத்து நேரக்கூடிய இடத்தில் வைத்தவன் பேரறிவாளன். பிள்ளையார் காப்பார் என்று வீட்டிற் படுத்துறங்கியவனை அவ்வழக்கம் உண்டாக்கவில்லை. பிள்ளையாரோடு விழித்திருந்து, மண்மூடை சுமந்து கட்டைக் காத்தவனையே உண்டாக்கியது.

சைவ வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் பெற்ற காசைக்கொண்டு மடத்தில் அடியார்க்கு அமுதூட்டினர் என்பது பெரியபுராணம். ஊரார் செய்த பாவம் யாது என்று அவர்கள் ஆராய்ந்தாரல்லர், உலையேற்றினர். கிறித்தவ வேதத்திலும், யோபு என்பான் துன்புற்றபோது, நீ செய்த பாவமே காரணம் என்று வாதித்த நண்பரை இறைவன் கடிந்துகொண்டதாகக் கதையுண்டு. வெள்ளத்தில் வீடிழந்தவனிடம் வினைப்பயன் பேசுபவர் இவ்விரு வரலாறுகளையும் ஒருமுறை படித்தல் நன்று.

பிறநாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1953 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள், நெதர்லாந்தின் கடலணைகளை வடகடற் புயல் உடைத்தது. 1,836 பேர் மாண்டனர். அந்நாட்டார் இறந்தவர்க்காக மணியொலித்து வழிபட்டனர். பின்னர் அணையை முன்னிலும் உயர்த்தினர். அந்த வேலை பல பதிற்றாண்டுகள் நீடித்தது. துயரத்தை வழிபாடு ஆற்றியது. அணையை உழைப்பு உயர்த்தியது. ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று அவர்கள் கருதவில்லை. நாமும் கருதலாகாது. வான்கதவை எப்பொழுது திறப்பது, வடிகாலை யார் துப்புரவாக்குவது, ஆற்றோரக் காட்டை யார் அழித்தார் என்னும் வினாக்களை அதிகாரிகளிடம் கேட்பது நம்பிக்கைக் குறைவன்று, நம்பிக்கையின் கடமை.

ஆசிரியர்க்கு ஒரு வார்த்தை

மாரியின் அடி மாணவர்மேல் விழுவதைப் பலர் எண்ணுவதில்லை. கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை நவம்பரில் நடைபெற்றமையால், 2024 இலும் 2025 இலும் இடைநடுவே நிறுத்தப்பட்டது. இரண்டாம் முறை எஞ்சிய பாடங்கள் அடுத்த ஆண்டு சனவரியிலேயே நடந்தன. புத்தகம் நனைந்து, வீடு நனைந்து, பள்ளிக்கூடமே இடைத்தங்கல் முகாமாகிவிட்ட பிள்ளைக்கு, ஊக்கத்தைக் கைவிடாதே என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் போதுமா? ஆயர்மகளைப்போல உடன் நின்று குளிர்தாங்கி ஒரு சொற் சொல்லும் ஆசிரியன் வேண்டும். ஒரு குறிப்பேட்டையும் ஒரு பிடி சோற்றையும் தேடிக்கொடுக்கும் ஆசிரியன் வேண்டும்.

யாம் வேண்டுவன பெரிய செயல்களல்ல. மாரிக்கு முன்னர், ஒவ்வொரு பாடசாலையும் தன் மாணவரை ஊர்க்குளத்துக்கு அழைத்துச் செல்லட்டும். அக்குளத்தின் பெயர்க்காரணம், கட்டு, துருசு, வான், வான்பாயும் நீர் எவ்வழி சென்று எக்கடனீரேரியிற் சேரும் என்பனவற்றை ஒவ்வொரு பிள்ளையும் அறிதல் வேண்டும். கார்த்திகையிற் பெருங்கதை படிக்கும் முதியோர் அருகிவருகின்றனர். உயர்வகுப்பு மாணவர் இருவர் மூவரை அவர்களருகே இருத்திப் படிக்கப் பழக்கட்டும். கைப்பேசியில் நள்ளிரவிலே வதந்திகளைப் படித்து அஞ்சுவதற்குப் பதிலாக, ஊரார் ஓரிடத்திற் கூடி ஒரு கதையைக் கேட்பது நெஞ்சுக்கும் நன்று. யார் வீட்டில் வெள்ளம் புகுந்தது, யார் தனித்திருக்கின்றார் என்பதை அறிதற்கும் நன்று. முல்லைப்பாட்டை வினாத்தாளுக்காக மாத்திரம் படிப்பியாது, மழை பெய்யும் ஒரு நாளில், வகுப்பறைக் கதவைத் திறந்துவைத்துப் படிப்பிக்கட்டும்.

2018 வெள்ளத்தின் பின்னர், பயிர் முழுதும் மூழ்கிய ஒரு முதிய கமக்காரரிடம், இனி என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்டேன். "வெள்ளம் வத்தட்டும் ஐயா, நிலம் தெரியும். நிலம் தெரிஞ்சால் விதைக்கிறதுதானே" என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. குரலில் வீரமும் இல்லை. ஆயினும் பெட்டியிலே ஒரு பங்கு விதைநெல்லை உண்ணாமல் எடுத்து வைத்திருந்தார். பசித்த காலத்தில் உண்ணாது வைத்த அந்த விதைநெல்லே, எமது தத்துவங்கள் யாவற்றினும் பெரிய நம்பிக்கை.

மழைக்கு அழிக்கும் கையும் அணைக்கும் கையும் ஒன்றே என்னும் கருத்தை வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்த அதிகாரத்திலேயே வைத்தார். சிலம்பு பாடிய இளங்கோவும் திங்களையும் ஞாயிற்றையும் போற்றிய வாயால் மழையையும் போற்றியே நூலைத் தொடங்கினார். மழை துன்பந்தராது என்று எண்ணியவரல்லர் அவர்கள். துன்பந்தரும் மழையையே போற்றும் பக்குவம் அவர்களுக்கு இருந்தது. அப்பக்குவம் எமது இளைஞர்க்கும் வாய்க்குமாயின், அடுத்த மாரி எத்துணைக் கடுமையாக வரினும், அதன் முடிவில் ஒரு தைப்பூசம் வரும். வயலிலே புதிர் எடுக்க நாலு கதிராவது நிற்கும். அதனைப் பகிர்ந்துண்ண அயல்வீட்டாரும் இருப்பர்.